லோரியான்–புதுச்சேரி கடல்வழி, புதுச்சேரி–ஆற்காடு தரைவழி: பழைய வரைபடங்கள் இன்றைய படத்தில் பொருந்தவில்லை

கெடிலக்கரை (கேள்வி)

வணக்கம். கடலூரில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக 6 அடி அகலத்தில் பேனர் தயாராகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லோரியான் துறைமுகத்திலிருந்து நன்னம்பிக்கை முனை, மொரிஷியஸ் வழியாகப் புதுச்சேரிக்குக் கப்பல்கள் வந்த வழி, புதுச்சேரியிலிருந்து செஞ்சி வழியாக ஆற்காட்டுக்குப் போன தரைவழி, கூடவே பெரிப்ளஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் பொதுகே துறைமுகம் எல்லாம் அதில் வர வேண்டும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்திலிருந்து ஒரு கடல் வரைபடமும், சோழமண்டலக் கரையின் தரைப்படம் ஒன்றும் இறக்கியாயிற்று.

கடல் வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்களை அப்படியே கொடுத்தால் புதுச்சேரி மேற்கே நகர்ந்து மாதேஸ்வரன் மலைப் பக்கம் போய் விழுகிறது. தரைப்படத்தில் கரையோரமாகப் புள்ளிகள் வைத்து (பழைய தாளின் இந்த இடம் இன்றைய படத்தில் இது என்று காட்டுபவை), தாளை ரப்பர் போல வளைக்கும் தின் பிளேட் ஸ்பிளைன் முறையில் இழுத்துப் பார்த்தோம். கரை கச்சிதமாகப் பொருந்துகிறது, பிழையும் பூஜ்யம் என்று காட்டுகிறது. ஆனால் செஞ்சி பல கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது.

இன்னொன்று: 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் வீழ்ந்த நாள் ஒரு குறிப்பில் செப்டம்பர் 10, மற்றொன்றில் செப்டம்பர் 21. எதைப் போடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசுட்டேரி

முதல் சிக்கலுக்கு விடை வரைபடத்தின் விளிம்பிலேயே இருக்கும். தீர்க்கரேகை எண்கள் பக்கத்தில் பாரிஸ் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படங்கள் கிரீன்விச்சிலிருந்து எண்ணவில்லை, பாரிஸ் வானாய்வகத்திலிருந்து எண்ணின. பாரிஸ் கோடு கிரீன்விச்சுக்குக் கிழக்கே 2 பாகை 20 நிமிடம் 14 விநாடி. புதுச்சேரியின் இன்றைய தீர்க்கரேகை ஏறத்தாழ 79 பாகை 50 நிமிடம். பாரிஸ் கணக்கில் 77 பாகை 30 நிமிடம். அதைக் கிரீன்விச் எண்ணாக எடுத்தால் நம் அட்சரேகையில் சுமார் 254 கி.மீ. மேற்கே போய்விடும். நீங்கள் சொல்லும் மலைக்காடு அங்கேதான் இருக்கிறது.

ஒரே தாளில் மேல் விளிம்பில் ஒரு கணக்கும் கீழ் விளிம்பில் வேறு கணக்கும் இருப்பது சகஜம். கானரித் தீவுகளில் உள்ள ஃபெர்ரோவிலிருந்து எண்ணும் வழக்கம் இருந்தது. அது பாரிசுக்கு மேற்கே சரியாக 20 பாகை என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் புதுச்சேரி 97 பாகை 30 நிமிடம். அதைத் தவறாகப் படித்தால் அந்தமான் கடல் தாண்டி மெர்குய் தீவுகளுக்குப் போய்விடுவீர்கள். பழைய ஆங்கிலப் படங்களில் லண்டன் என்று மட்டும் இருந்தால் அது செயின்ட் பால் தேவாலயக் கோடாக இருக்கலாம். கிரீன்விச்சுக்கு மேற்கே 6 நிமிடம், நம் பக்கத்தில் சுமார் 11 கி.மீ. இந்தப் பிழை சின்னது என்பதால்தான் ஆபத்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்களை ஒப்பிட எடுத்தால் அடிக்குறிப்பைப் படிக்காமல் தொடாதீர்கள். சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை அடிப்படையாக வைத்து எண்ணியவை அவை. பின்னால் அந்த அடிப்படை எண்ணே திருத்தப்பட்டது. எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். 2 நிமிடம் 27 விநாடி என்று இருந்தால் இங்கே கிட்டத்தட்ட நாலரை கி.மீ.

அடுத்தது வீச்சு, அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் வரையும் முறை. கடல் வரைபடத்தை ஈபிஎஸ்ஜி 4326இல் (அட்ச, தீர்க்கப் பாகைகளையே சமக் கட்டங்களாக வைக்கும் அமைப்பின் எண்) நேரடியாகப் பொருத்த வேண்டாம். 18ஆம் நூற்றாண்டுக் கடல் வரைபடங்களில் பெரும்பாலானவை மெர்கேட்டர் முறையில் வரைந்தவை; அதில் துருவம் நோக்கிப் போகப்போக அட்சப் பாகையின் நீளம் பெருகும். சோதிக்க ஒரு அளவுகோல் போதும்: பூமத்திய ரேகை அருகே ஒரு பாகை அட்சம் தாளில் எத்தனை மில்லிமீட்டர், 40ஆம் பாகை அருகே எத்தனை என்று அளந்து பாருங்கள். 40இல் உள்ளது 1.3 மடங்கு நீளமாக இருந்தால் மெர்கேட்டர். இரண்டும் சமமாக இருந்தால் பழைய சமக்கட்டப் படம், அதற்குத்தான் 4326 பொருந்தும்.

மெர்கேட்டர் தாளை 4326இல் நீட்டினால் மூலைகள் நாலும் பொருந்தும், நடுப்பகுதி ஏமாற்றிவிடும். பூமத்திய ரேகையிலிருந்து 48 பாகை வரை உள்ள ஒரு தாளில் நடுவே சுமார் 2.4 பாகை, அதாவது 270 கி.மீ. அளவுக்குத் தவறு வரும். கானரித் தீவு வழியாகப் போன கப்பல் பாலைவனத்தில் ஏறிவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தாளில் கோடுகள் குறுக்கிடும் இடங்களில் 12 புள்ளியாவது வையுங்கள். ஒவ்வொரு தீர்க்கரேகைக்கும் 2 பாகை 20 நிமிடம் 14 விநாடி கூட்டுங்கள் (பாரிசுக்கு மேற்கே என்றால் எண் எதிர்மறை, அதோடு கூட்டுங்கள்). வெளியீட்டு அமைப்பு ஈபிஎஸ்ஜி 3395 (மெர்கேட்டர்), உருமாற்றம் பாலினோமியல் 1 (தாளை வளைக்காமல் ஒரே சீராக நீட்டி, சாய்த்து, திருப்பி வைப்பது). கரையைத் தொடவே வேண்டாம். இப்படிப் பொருத்திய பிறகும் கரை தள்ளி நின்றால் அது அன்றைய கடலோடிகள் அறிந்த தீர்க்கரேகையின் பிழை. அதை அப்படியே காட்டுவதுதான் நேர்மை.

வழுதாவூரான்

தரைப்படம் பற்றி நான் எழுதுகிறேன்.

தின் பிளேட் ஸ்பிளைன் பூஜ்யப் பிழை காட்டியதில் வியப்பில்லை. நீங்கள் வைத்த புள்ளி ஒவ்வொன்றின் மேலும் தாளை இழுத்துப் பொருத்துவதுதான் அதன் வேலை. தப்பான இடத்தில் புள்ளி வைத்தாலும் பூஜ்யம்தான் காட்டும். உங்கள் புள்ளிகள் எல்லாம் கரையில் ஒரே வரிசையில் இருக்கின்றன. மேற்கே செஞ்சிப் பக்கம் பிடித்து நிறுத்த எதுவுமில்லை, அதனால் தாள் அங்கே இஷ்டத்துக்கு வளைகிறது.

முதலில் பாலினோமியல் 1 போடுங்கள். அதற்குக் குறைந்தது 3 புள்ளி வேண்டும், நீங்கள் 12 முதல் 15 வரை வையுங்கள். தாளை வளைக்கவும் செய்யும் பாலினோமியல் 2க்கு 6, பாலினோமியல் 3க்கு 10. ஆனால் குறைந்தபட்ச எண்ணிக்கையோடு நிறுத்தினால் இவற்றிலும் பிழை பூஜ்யம் என்றுதான் வரும். தனியாக 4 இடங்களைப் பொருத்தலில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, முடிந்த பிறகு அவை எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று அளந்து பாருங்கள். நம்ப வேண்டிய எண் அதுதான். வெளியீடு ஈபிஎஸ்ஜி 32644 (நம் பகுதிக்கான, மீட்டரில் அளக்கும் அமைப்பு).

எங்கே புள்ளி வைப்பது என்பதில்தான் பாதி வேலை. கடற்கரைக் கோடு ஆகாது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச்சுவர் கட்டிய பிறகு வடக்கே கரை அரித்துப் போனது, இன்றைய கரை அன்றைய கரை இல்லை. தென்பெண்ணை, கெடிலம் முகத்துவாரங்களும் ஆகாது, மணல் சேரச் சேர அவை இடம் மாறும். ஏரிக் கரைகளும் வேண்டாம். புதுச்சேரிக் கோட்டையைத் தேடாதீர்கள், 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள்; அது நின்ற இடத்தில்தான் இன்று பாரதி பூங்கா இருக்கிறது. 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் 18ஆம் நூற்றாண்டுத் தாளில் இருக்கவே முடியாது.

நம்பக்கூடியவை கோயில்களும் மலைகளும்தான். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில், வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில், செஞ்சியின் ராஜகிரி, தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம், தெற்கே சிதம்பரத்தின் கோபுரங்கள், தரங்கம்பாடிக் கோட்டை, வடக்கே ஆலம்பரைக் கோட்டையும் சதுரங்கப்பட்டினமும். மேற்கே ஆரணிக் கோட்டையையும் திருவண்ணாமலையையும் கட்டாயம் சேருங்கள், அப்போதுதான் ஆற்காட்டு வழி நிற்கும். புதுச்சேரி நகரப் படமாக இருந்தால் மணக்குள விநாயகர் கோயிலும், பழைய மதில் நின்ற வட்டமான புல்வார் சாலைகளும் உதவும்.

ஊர்ப்பெயர்களைக் கண்டுபிடிக்க: பிரெஞ்சுத் தாளில் குதலூர் என்பது கடலூர், வால்தவூர் வழுதாவூர், அரியான்கூப்பான் அரியாங்குப்பம், கோனிமேர் கூனிமேடு, போர்ட்டோ நோவோ பரங்கிப்பேட்டை. பெயருக்கு நேராகப் புள்ளி வைக்கக் கூடாது. பெயர் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே எழுதப்பட்டிருக்கும். பெயரின் அருகே உள்ள சிறு வட்டத்தையோ கோயில் குறியையோ முழு அளவுக்குப் பெரிதாக்கி, அதன் நடுவில் வையுங்கள்.

தூர அளவுகோலையும் சோதியுங்கள். ஒரு பாகைக்கு 20 வரும் கடல் லீக் 5.56 கி.மீ., ஒரு பாகைக்கு 25 வரும் சாதாரண லீக் 4.45 கி.மீ. தாளில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். புதுச்சேரிக் கோட்டைக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் நேர்கோட்டில் சுமார் 21 கி.மீ. அது தாளில் 4 லீக்கை ஒட்டி வந்தால் கடல் லீக், 5ஐ நெருங்கினால் சாதாரண லீக்.

தாளே சமமாகச் சுருங்கியிருக்காது. செப்புத்தகட்டு அச்சில் காகிதத்தை நனைத்துத்தான் அழுத்துவார்கள். காயும்போது நீளத்தில் ஒரு அளவும் அகலத்தில் வேறு அளவும் சுருங்கும். பாலினோமியல் 1 அதைச் சரிசெய்துவிடும். ஆனால் 2 தாளை ஒட்டி ஸ்கேன் செய்த படமென்றால் ஒட்டு விழுந்த இடத்தில் வெட்டி, இரண்டையும் தனித்தனியாகப் பொருத்துங்கள். புத்தக மடிப்பிலிருந்து கைபேசியில் எடுத்த படம் எதற்கும் உதவாது. காலிகாவில் முழு அளவுக் கோப்பு கிடைக்கும்போது திரைப்பிடிப்பை வைத்து வேலை செய்ய வேண்டாம்.

ஆழிசூழ்

தேதி இரண்டும் சரி. பிரான்ஸ் 1582இலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 செப்டம்பரில்தான் மாறியது. 1700க்கும் 1752க்கும் இடையே வித்தியாசம் 11 நாள். ஆகவே ஆங்கிலேயரின் செப்டம்பர் 10தான் பிரெஞ்சுக்காரரின் செப்டம்பர் 21. பேனரில் எல்லாவற்றையும் கிரிகோரியனுக்கு மாற்றி, மூலையில் அப்படி மாற்றியதாக ஒரு வரி எழுதுங்கள். அதே காலத்து ஆங்கில ஆவணங்களில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும், அதனால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு முந்தைய ஆண்டின் எண் போட்டிருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் ஒரு வருஷமே தவறிவிடும்.

ஆங்கிலக் கப்பல் குறிப்பேட்டில் இன்னொரு கண்ணி உண்டு. கப்பல் நாள் நண்பகலில் தொடங்கும், அதுவும் ஊர் நாளுக்கு 12 மணி நேரம் முன்பே. 9ஆம் தேதி மாலை கரையைக் கண்டார்கள் என்றால் அது குறிப்பேட்டில் 10ஆம் தேதியின் முதல் பகுதியாக இருக்கும். 1805 வரை அரசுக் கடற்படையில் இதுதான் வழக்கம்.

அந்தக் காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். கப்பல் வந்தது, போனது, சரக்கு இறங்கியது எல்லாம் புதுச்சேரியிலிருந்தே பார்த்து எழுதிய பதிவு, இதைவிட நெருக்கமான சாட்சி நமக்குக் கிடைக்காது. அதில் அட்சய வருஷம் புரட்டாசி என்று வந்தால் 1746. ஆனால் தமிழ்த் தேதியை இன்றைய நாட்காட்டியை வைத்து மாற்றாதீர்கள். சித்திரை முதல் தேதி இன்று ஏப்ரல் 14இல் வருகிறது. அன்று கிரிகோரியன் கணக்கில் சுமார் 4 நாள் முன்னதாகவே வந்தது. நம் சூரிய வருஷம் கிரிகோரியன் வருஷத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம் என்பதால் ஏறக்குறைய 60, 70 ஆண்டுக்கு ஒரு நாள் நகர்ந்துகொண்டே வருகிறது. நாட்குறிப்பில் கிழமையும் எழுதியிருந்தால் அதை வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

இனி கடல்வழி. கப்பல் குறிப்பேட்டில் தினமும் நண்பகலில் ஒரு நிலை எழுதியிருப்பார்கள். சூரியனைப் பார்த்து எடுத்த அட்சரேகையை ஓரளவு நம்பலாம், மேகமூட்ட நாளில் அது வெறும் கணிப்பு. தீர்க்கரேகை முழுக்க முழுக்க திசையும் வேகமும் வைத்துப் போட்ட கணக்கு. வாரக்கணக்கில் கரை காணாமல் வந்தால் பாகைக்கணக்கில் பிசகும். நல்ல காலமானிக் கடிகாரங்கள் சாதாரண வணிகக் கப்பல்களுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. பல ஆங்கிலக் குறிப்பேடுகளில் தீர்க்கரேகை லண்டனிலிருந்துகூட இருக்காது, கடைசியாகக் கண்ட முனையிலிருந்து கிழக்கே இவ்வளவு என்று இருக்கும்.

நிலை எழுதாமல் திசையும் தூரமும் மட்டும் இருந்தால் கணக்கு இது: அட்ச மாற்றம் என்பது தூரம் பெருக்கல் திசைக்கோணத்தின் கோசைன். கிழக்கு நகர்வு என்பது தூரம் பெருக்கல் சைன். அந்தக் கிழக்கு நகர்வை நடு அட்சத்தின் கோசைனால் வகுத்தால் தீர்க்க மாற்றம். ஒரு நாளில் வடகிழக்கே 40 கடல் லீக், அதாவது 120 கடல் மைல் ஓடியதாக வையுங்கள். அட்சம் 85 நிமிடம் மாறும். நம் 10ஆம் பாகையில் தீர்க்கரேகை 86 நிமிடம் மாறும், நன்னம்பிக்கை முனைக்குப் பக்கத்தில் 35ஆம் பாகையில் 104 நிமிடம். இந்த வகுத்தலை விட்டுவிட்டு வரைந்தால் தெற்குக் கடலில் கப்பல் மெதுவாக ஊர்ந்த மாதிரி தெரியும்.

கரை கண்ட நாளில் கணக்குக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை முந்தைய கரை வரைக்கும் பகிர்ந்து விடுங்கள். 20 நாளில் 150 நிமிடம் பிசகியிருந்தால் முதல் நாளுக்கு 7.5, இரண்டாம் நாளுக்கு 15 என்று கூட்டிக்கொண்டே போங்கள். நிலை எடுத்த நாட்களைப் புள்ளியாகவும், பகிர்ந்து திருத்திய பகுதியை விட்டுவிட்டு வரும் கோடாகவும் காட்டுங்கள். தயவுசெய்து முழு வழியையும் ஒரே கெட்டிக் கோடாக வரையாதீர்கள். எங்கே அளந்தார்கள், எங்கே ஊகித்தார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். 1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட கப்பல் குறிப்பேடுகளின் காற்று, நிலைப் பதிவுகள் கிளைவாக் என்ற தரவுத்தொகுப்பில் தயாராகவே இருக்கின்றன.

பருவத்தையும் சேர்த்துக் காட்டினால் வழி ஏன் அப்படி வளைகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும். தென்மேற்குப் பருவக் காற்றில் வருகிற கப்பல் புதுச்சேரிக்கு நேராக வராது. தெற்கே நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கரையைப் பிடித்து, கரையோரமாக வடக்கே ஏறும். நேராக வந்து கொஞ்சம் வடக்கே தவறிவிட்டால் காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். அக்டோபரில் இந்தக் கரையை விட்டே விலகிவிடுவார்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் பெருங்கப்பல் ஒதுங்கத் துறை கிடையாது. திறந்த கடலில் நங்கூரமிட்டு, மசூலாப் படகில் அலை தாண்டித்தான் ஆளும் சரக்கும் இறங்கும். 1761 ஜனவரி 1இல் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் சில புயலில் அழிந்தது இதனால்தான்.

மொரிஷியசிலிருந்து சோழமண்டலத்துக்கு ஒரே வழி இல்லை. காற்றுக்கு ஏற்பச் சுற்றிப் போவார்கள். 1760களின் இறுதியில் கிரெனியே என்ற கடற்படை அதிகாரி தீவுக்கூட்டங்களுக்கு ஊடே குறுக்கு வழி ஒன்றை முன்வைத்துச் சோதித்தார். ஆகவே எந்த ஆண்டின் வழி என்று பேனரில் எழுதாமல் விடாதீர்கள்.

கெடிலக்கரை

மிக்க நன்றி. பாரிஸ் எண்ணைக் கூட்டியதும் புதுச்சேரி கரைக்கு வந்துவிட்டது. ஆற்காட்டு வழியைத் தரைப்படத்திலிருந்து அப்படியே நகலெடுக்கலாமா, இன்றைய நெடுஞ்சாலையில் ஒட்டலாமா? பொதுகே பற்றியும் யாராவது சொல்லுங்கள். கீழே ஒரு அளவுகோல் போட்டால் போதுமா?

வழுதாவூரான்

நெடுஞ்சாலையில் ஒட்ட வேண்டாம். புதுச்சேரி, வில்லியனூர், வழுதாவூர், செஞ்சி, சேத்துப்பட்டு, ஆரணி, ஆற்காடு என்று ஊர்களை நிலையான முடிச்சுகளாக வையுங்கள். இரண்டு ஊருக்கு நடுவே பழைய தாளின் கோட்டைப் பின்பற்றி, ஆற்றைக் கடக்கும் துறையில் மட்டும் 19ஆம் நூற்றாண்டு அளவைத் தாளோடு ஒப்பிடுங்கள். பாலம் வருவதற்கு முன் வழி ஆற்றின் அகலமான, ஆழம் குறைந்த மணற்பரப்பைத் தேடித்தான் போகும். சேத்துப்பட்டுக்கும் ஆரணிக்கும் இடையே செய்யாற்றைக் கடக்கும் இடத்தை நிதானமாகப் பாருங்கள். ஆற்காடு பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது, கோடு பாலாற்றைத் தாண்டினால் நீங்கள் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டீர்கள். பழைய குறிப்புகளில் தூரம் நாழிகை வழியில் இருந்தால், 24 நிமிட நடை, ஒன்றரை முதல் 2 கி.மீ. என்று ஒரு வீச்சாகவே எடுங்கள்.

ஊசுட்டேரி

பெரிப்ளஸ் கி.பி. முதல் நூற்றாண்டு நூல். இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபத்மா என்று 3 துறைகளை வரிசையாகச் சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினம், அரிக்கமேடு–புதுச்சேரி, மரக்காணம் என்று அறிஞர் பலர் அடையாளம் காண்கிறார்கள். 1945இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி ரோமானியத் தொடர்பை உறுதி செய்த பிறகு பொதுகேவுக்கான இடம் வலுப்பட்டது. இருந்தாலும் இவை உறுதியல்ல என்று தெரிய, உள்ளீடற்ற வட்டமாகப் போடுங்கள். பண்டைய புவியியலாளர் தாலமி தரும் அட்ச, தீர்க்க எண்களை வைத்துப் பொருத்த முயல வேண்டாம்; அவர் கணக்கில் நம் தீபகற்பமே தட்டையாகிக் கிழக்கே நீண்டு கிடக்கிறது, எந்த உருமாற்றமும் அதை நிமிர்த்தாது. இன்னொன்று, இத்துறைகளிலிருந்து மேலைக்கரை லிமிரிகே வரை கரையோரமாகப் போன கலங்களையும், கங்கைக்கும் பொன்னாடாகிய கிரிசேவுக்கும் போன பெருங்கலங்களையும் அந்நூல் பிரித்தே சொல்கிறது. ஆகவே கோடுகளும் தனித்தனி நிறத்தில் வேண்டும்.

அளவுகோல் ஒன்று போதாது. மெர்கேட்டரில் லோரியான் இருக்கும் 47 பாகை 45 நிமிடத்தில் எல்லாம் 1.49 மடங்கு பெருகித் தெரியும், புதுச்சேரியில் 1.02தான். ஒரே கோலை வைத்து அளக்கும் பிள்ளை பிரான்ஸ் பக்கத்துத் தூரத்தை ஒன்றரை மடங்காகச் சொல்வான். கடல்வழிப் படத்தில் கோலை எடுத்துவிட்டு, இடது, வலது விளிம்புகளில் அட்சரேகையைப் பாகை பாகையாக அடையாளமிடுங்கள். எந்த உயரத்தில் அளக்கிறோமோ அதே உயரத்து ஒரு பாகை 60 கடல் மைல் என்று எழுதினால் போதும். தரைவழிக்கு 32644இல் தனிச் சட்டம் போட்டு, அங்கே மட்டும் கிலோமீட்டர் கோலும் அடியில் லீக் கோலும் வையுங்கள்.